மாமா போட்ட பனலும் கிடைக்காத கொன்டாக்டரும்

கேள்வி: பருத்தித்துறைப் பக்கம் எங்களுக்கு ஒரு ஐஸ் தொழிற்சாலை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மாமா போட்டது. இரண்டு அமோனியா கொம்பிரசர், ஒவ்வொன்றுக்கும் 40 குதிரைவலு மோட்டர், இங்கிலாந்தில் செய்த ஸ்டார்-டெல்டா பனல் (மோட்டரை ஸ்டார் இணைப்பில் குறைந்த மின்னோட்டத்தோடு தொடக்கி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுகிற மின்பெட்டி). போன மாதம் இரண்டாவது கொம்பிரசரின் மெயின் கொன்டாக்டர், அதாவது மோட்டருக்கு மின்னைக் கொடுத்து அறுக்கிற காந்த சுவிட்ச், அதன் கொயில் எரிந்துவிட்டது. அதற்கு முதல் கொஞ்சக் காலமாகவே உறுமிக்கொண்டிருந்தது. அதே மொடல் எங்கு கேட்டாலும் இல்லை. கொழும்பில் ஒருவர் ‘பாவிக்காத பழைய ஸ்டொக்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி ஒன்றரை லட்சம் கேட்கிறார், அதுவும் முழுக் காசும் முற்பணமாக. லண்டன் மச்சான் இணையத்தில் ஒன்று கண்டிருக்கிறார். ரொறன்ரோச் சித்தப்பாவும் தேடித் தருவதாகச் சொல்கிறார். எங்கள் வயறிங்காரரோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு டிரைவ் (மோட்டரின் வேகத்தை மாற்றுகிற இலத்திரனியல் பெட்டி) போடச் சொல்கிறார். இப்போது ஒரு கொம்பிரசரில்தான் ஓட்டுகிறோம். எதைச் செய்வது?

பதில்:

தம்பி, கொழும்புக்காரருக்குக் காசு அனுப்பவேண்டாம், பனலையும் கழற்றவேண்டாம். முதலில் அந்தப் பழைய மொடல் இலக்கத்தை ஒரு பக்கம் வையுங்கள். அந்தக் கொன்டாக்டர் செய்த வேலையை இன்றைக்குச் சந்தையில் உள்ள புதுக் கொன்டாக்டர் ஒன்று தாராளமாகச் செய்யும். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் சொல்லிவைத்தால், கையில் இல்லாவிட்டாலும் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் எடுப்பித்துத் தருவார்கள். உருவம் சின்னதாக இருக்கும், பழைய துளைகளுக்குப் பொருந்தாது. ஒரு தகட்டை வெட்டிப் பழைய துளைகளில் பூட்டி, அதன்மேல் புதியதை ஏற்றலாம். கை பழகிய ஆளுக்கு அரை நாள் வேலை.

எந்த அளவு வாங்குவது என்பதில்தான் ஆக்கள் பிழை விடுகிறார்கள். 40 குதிரைவலு என்றால் 30 கிலோவாட். 400 வோல்ட்டில் ஏறத்தாழ 56 அம்பியர். உங்கள் மோட்டர் பழையது, கொஞ்சம் கூடவும் இழுக்கலாம், ஆகவே மோட்டர் தகட்டில் உள்ள எண்ணையே எடுங்கள். ஸ்டார்-டெல்டாவில் மெயின் கொன்டாக்டரிலும் டெல்டா கொன்டாக்டரிலும் அதன் 58 வீதந்தான் ஓடும், அதாவது 32, 33 அம்பியர். ஸ்டாரில் மூன்றில் ஒரு பங்கு. மெயினுக்கும் டெல்டாவுக்கும் 40 அம்பியர், ஸ்டாருக்கு 25 அம்பியர் என்று எடுத்தால் நிம்மதியாக ஓடும்.

ஆனால் எந்த 40? கொன்டாக்டரின் பக்கத்தில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள், ஏசி-1 என்று ஒன்று, ஏசி-3 என்று ஒன்று. ஏசி-1 என்பது ஹீட்டர் போன்ற சுமைக்கு. மோட்டருக்குப் பார்க்கவேண்டியது ஏசி-3. உதாரணத்துக்கு, ஷ்னைடரின் எல்.சி.1-டி25 மோட்டருக்கு 25 அம்பியர்தான், ஆனால் ஏசி-1 கணக்கில் அதிலேயே 40 என்று இருக்கும். கடையில் “நாற்பது அம்பியர் தாங்கோ” என்று மட்டும் கேட்டால் இந்த 25ஐ எடுத்துத் தந்துவிட இடமிருக்கிறது. கடைக்காரர் பொய் சொன்னதாகவும் ஆகாது. சில மாதத்தில் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நிறுத்துகிற பொத்தானை அழுத்தினாலும் மோட்டர் நில்லாமல் ஓடும். “30 கிலோவாட் ஸ்டார்-டெல்டா, ஏசி-3 நாற்பது” என்று துண்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது கொயில் வோல்டேஜ். ஓடர் கொடுக்குமுன் பழைய கொயிலுக்கு வருகிற இரண்டு வயர்களுக்கும் இடையில் மீற்றர் வைத்து அளந்து பாருங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பனல்கள் பலவற்றில் கட்டுப்பாட்டுச் சுற்று இரண்டு பேஸுக்கு இடையில் ஓடும், அதாவது 400, 415 வோல்ட். கடைகளில் வழமையாக வைத்திருப்பது 220, 230 வோல்ட் கொயில். அதைக் கொண்டுபோய் 400இல் பூட்டினால் பெட்டி பிரித்த அன்றே எரியும். ஷ்னைடர் இலக்கத்தின் கடைசியில் வரும் எழுத்தைப் பாருங்கள்: எம்7 என்றால் 220, பி7 என்றால் 230, கியூ7 என்றால் 380, வி7 என்றால் 400, என்7 என்றால் 415. மற்றக் கொம்பனிகளுக்கும் இப்படி ஒரு குறியீடு இருக்கும், கடையில் கேட்டு எழுதுங்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன்: கொஞ்சக் காலமாக உறுமியது. எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அதுதான். ஏசி கொயில் ஒன்று காந்தத்தை இழுத்து மூடும்வரை பல மடங்கு மின்னோட்டம் எடுக்கும். மூடிய பிறகுதான் குறையும். காந்த முகத்தில் துருவோ பிசினோ பிடித்து அது முற்றாக மூடாமல் நின்றால், கொயில் அந்தக் கூடின மின்னோட்டத்திலேயே கிடந்து வேகும். உறுமல் என்பது மூடமுடியாமல் அது அதிருகிற சத்தம். இன்னொரு காரணமும் இருக்கலாம். காந்த முகத்தை டோர்ச் அடித்து வடிவாகப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய செப்பு வளையம் ஒன்று பதித்திருக்கும். ஏசி மின்னோட்டம் ஒவ்வொரு தடவை பூச்சியத்தைத் தொடும்போதும் காந்தத்தை விடாமல் பிடித்துவைப்பது அந்த வளையந்தான். மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தாலே உறுமத் தொடங்கும். பின்னேரங்களில் வோல்டேஜ் விழுகிற இடமென்றால் அதுவும் சேரும். கொயில்கள் பொதுவாக 85 வீதத்துக்குக் கீழே போனால் உறுதியாக இழுக்கமாட்டா.

உங்கள் இடத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கடல் காற்றையும் அமோனியாவையும். அமோனியா செப்பையும் பித்தளையையும் தின்னும். மெல்லிய கசிவு வருடக்கணக்கில் இருந்தால் போதும், வயர் நுனிகள் பச்சையாகவும் நீலமாகவும் பூத்திருக்கும். பனல் கொம்பிரசர் அறைக்குள்ளேயே நிற்கிறதா? அப்படியென்றால் நீங்கள் தேடுகிற சாமானைவிடப் பனல் நிற்கிற இடந்தான் பெரிய பிரச்சினை. சுவருக்கு மறுபக்கம் ஒரு சின்ன அறை கட்டி அங்கே மாற்றும்வரை, புதுச் சாமானும் பழையதின் வழியில்தான் போகும்.

புதியது வரும்வரை ஓட்டவேண்டும் என்றால் எரிந்த கொயிலைச் சுற்றுவிக்கலாம். 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு பற்றரிகூட உள்ளே வராத ஊர் இது. எரிந்ததை எறியாமல் திரும்பச் சுற்றி ஓடவைத்த கைகள் இன்னும் இருக்கின்றன. நல்ல மோட்டர் வைண்டிங் கடை ஒன்றுக்குக் கொயிலை அப்படியே, பிரிக்காமல் கொண்டுபோங்கள். சுற்றுகளை எண்ணி, வயரின் தடிப்பை அளந்து, அதேபோலச் சுற்றி, வார்னிஷில் தோய்த்துச் சூட்டில் காயவைத்துத் தருவார்கள். “தோய்த்தால் போதும், காயவைக்கத் தேவையில்லை” என்கிறவரிடம் கொடுக்கவேண்டாம். கொயில் பிசினுக்குள் வார்த்ததாக இருந்தால் இது சரிவராது, உடைக்காமல் எண்ணமுடியாது.

வெள்ளி முனைகள் கறுத்திருந்தால் அரத்தால் தேய்க்கவேண்டாம். அந்தக் கறுப்பு மின்னோட்டத்தைத் தடுக்காது. தேய்க்கத் தேய்க்கப் போவது வெள்ளிதான்.

மோட்டர் கூட இழுத்தால் தட்டி நிறுத்துகிற ஓவர்லோட் றிலே பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வயதுப் பனலில் எண்ணெய்க் கிண்ணத்துக்குள் முசலம் போல ஒன்று ஏறி இறங்குகிற காந்த றிலே இருக்கக்கூடும். எண்ணெய் வற்றிப்போயிருந்தால் ஸ்டார்ட் பண்ணும்போதே தட்டிவிடும். நாட்பட்டுக் கட்டியாகிப்போனால் தட்டவேண்டிய நேரத்திலும் தட்டாது. அதைச் சேர்த்தே மாற்றுங்கள். புது றிலேயை மெயின் கொன்டாக்டருக்குக் கீழே பூட்டுவதானால், மோட்டர் தகட்டில் உள்ள 56ஐ அல்ல, அதன் 58 வீதத்தை, 32 அல்லது 33ஐ வைக்கவேண்டும். நான் திறந்து பார்த்த ஸ்டார்-டெல்டா பனல்களில் கனக்கவற்றில் முழு எண்ணையே வைத்திருக்கக் கண்டிருக்கிறேன். அப்படி வைத்தால் றிலே இருந்தும் இல்லாத மாதிரி, மோட்டர் எரிந்த பிறகுதான் தட்டும். சரியாக வைத்தும் ஸ்டார்ட்டில் தட்டுகிறதென்றால் எண்ணைக் கூட்டாதீர்கள். முதலில் கொம்பிரசர் சுமையில்லாமல்தான் தொடங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் கிளாஸ் 10க்குப் பதிலாக, தட்டுமுன் கூடுதல் நேரம் பொறுக்கிற கிளாஸ் 20 றிலே கேட்டு வாங்குங்கள்.

இனி நீண்டகால வழி. உங்களிடம் ஒரே மாதிரி இரண்டு பனல்கள் இருக்கின்றன. அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். பழுதான இரண்டாம் பனலை முழுதாகப் புதுச் சாமான்களுக்கு மாற்றுங்கள். கழற்றுகிற பழையவை எல்லாவற்றையும், நல்ல டெல்டா கொன்டாக்டர், டைமர், துணை முனைகள், ஸ்குறூவரைக்கும், துடைத்துப் பெயர் எழுதி, காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். முதலாம் பனலுக்கான உதிரிப்பாகங்கள் அவைதான். ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கப்போவதைவிட நம்பிக்கையானவை, ஏனென்றால் அவை எங்கே, எப்படி ஓடின என்று உங்களுக்குத் தெரியும். ஐஸுக்குக் கேள்வி குறைகிற ஒரு காலத்தில் முதலாவதையும் மாற்றிவிடலாம்.

கழற்றுமுன் படம் கீறுங்கள். அந்தப் பனலின் வயறிங் படம் எங்கே என்று கேட்டால் “மாமாவுக்குத்தான் தெரியும்” என்ற பதில்தான் வரும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வயருக்கும் இலக்கம் ஒட்டி, போனில் படமெடுத்து, பிறகு தாளில் கீறவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் தொழிற்பயிற்சி முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருவரைக் கூப்பிட்டால் ஒரு நாளில் கீறித் தருவார்.

பழைய மொடல்தான் வேண்டும் என்று நிற்கவேண்டிய இடங்களும் உண்டு. மோட்டர் அப்படி ஒன்று. அங்குலக் கணக்கில் செய்த பழைய ஆங்கில மோட்டருக்குப் பதிலாக இன்றைய மில்லிமீற்றர் மோட்டரை வைத்தால் கால் துளையும் தண்டின் உயரமும் பொருந்தாது. புது அடித்தகடும் புதுக் கப்பியும் செய்யவேண்டும். ஆகவே மோட்டர் எரிந்தால் சுற்றுவிப்பதுதான் முதல் யோசனை. பியூஸ் அப்படியல்ல. பி.எஸ். 88 (பி.எஸ். என்பது பிரித்தானியத் தர இலக்கம்) என்று போட்ட, இரண்டு பக்கமும் போல்ட் பூட்டுகிற பியூஸ்களை இப்போதும் செய்கிறார்கள். 63எம்80 என்று ஒன்றைக் கண்டால் குழம்பவேண்டாம். 63 அம்பியர் உடம்பு, மோட்டர் ஸ்டார்ட்டைத் தாங்கும் 80 அம்பியர் குணம், அவ்வளவுதான். அந்த இடத்தில் சாதாரண 63ஐப் போட்டால் ஸ்டார்ட்டில் போய்விடலாம். பழைய பி.எஸ். 3871 பிறேக்கரில் டைப் 2, டைப் 3 என்று இருந்தால், இன்றைய சி வகையைப் பெரும்பாலும் பதிலுக்குப் போடலாம்.

பெட்டிப் பிறேக்கர், அதுதான் பெரிய மெயின் பிறேக்கர், அதை மட்டும் பாவித்ததாக வாங்கவேண்டாம். ஒரு பெரிய ஷோர்ட்டை அறுத்த பிறேக்கர் வெளியில் பார்க்கப் புதுசு போலவே இருக்கும். உள்ளே என்ன மிச்சம் என்று கண்ணால் சொல்லமுடியாது. மின்னோட்டம் செலுத்திச் சோதித்த அறிக்கையோடு வந்தாலன்றி எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள். கொன்டாக்டர் அப்படியல்ல, திறந்து பார்க்கலாம்.

அந்தக் கொழும்பு வியாபாரி உண்மையானவராகவும் இருக்கலாம். முதலாம் குறுக்குத் தெருவிலும் பழைய சோனகத் தெருவிலும் நாற்பது வருடத்துச் சாமான் ஒரு மூலையில் கிடந்து வருவது நடக்கிற விஷயந்தான். ஆனால் ஒரு வாட்ஸ்அப் படம் எதையும் நிரூபிக்காது. முன்மூடியைக் கழற்றி முனைகளைக் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள், பக்கத்தில் அன்றைய திகதி எழுதிய துண்டோடு. பாவிக்காததில் வெள்ளி முனை மட்டமாக, மங்கலாக இருக்கும். ஒரு தடவை சுமையோடு அறுத்திருந்தாலும் சின்னச் சின்னக் குழி தெரியும். ஸ்குறூத் தலையில் கீறல், வயர் அழுத்திய தடம், பெயின்ட் புதுசு ஆனால் தகடு பழசு, இவையெல்லாம் கதை சொல்லும். கொயிலின் மின்தடை எத்தனை ஓம் என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெகரில் (மின்காப்பை அளக்கிற மீற்றர்) இன்சுலேஷன் பார்த்தாரா என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் சலித்துக்கொள்கிறவரிடம் வாங்கத் தேவையில்லை. பதில் சொல்கிறவரிடமும் பாதிக் காசு, பற்றுச்சீட்டு, இங்கே வந்து ஓடிப் பார்த்த பிறகு மீதி.

இலக்கம் வைத்துத் தேடும்போது இன்னொன்று. பல பெயர்கள் செத்துப்போகவில்லை, வேறு பெயருக்குள் போயிருக்கின்றன. டெலிமெக்கானிக் இப்போது ஷ்னைடர். சுவீடனின் அசெயாவும் சுவிஸ் பிரவுண் பொவெரியும் 1988இல் சேர்ந்து ஏ.பி.பி. ஆயின. ஜேர்மனியின் மோலர் 2008இல் ஈட்டனுக்குப் போனது. இங்கே கனபேரிடம் இருக்கும் இந்திய எல் அண்ட் டி சுவிட்ச்கியர் 2020இல் ஷ்னைடர் கைக்கு மாறி, 2024இலிருந்து லோரிட்ஸ் நட்சன் என்ற பெயரில் வருகிறது. இப்படிப்பட்ட கொம்பனியின் கொழும்பு முகவரிடம் பழைய இலக்கத்தைக் கொடுத்து “இதற்குப் பதில் எது?” என்று கேட்டால், தங்கள் மாற்றுப் பட்டியலைப் பார்த்துச் சொல்வார்கள். கடை கடையாக அலைவதைவிட அது கெதி.

டிரைவ் யோசனைக்கு நான் ஓம் சொல்லமாட்டேன். கட்டி ஐஸ் செய்கிற கொம்பிரசர் முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவது. வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. தண்டோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய்ப் பம்புள்ள பிஸ்டன் கொம்பிரசரை மெதுவாக ஓட்டினால் எண்ணெய் அழுத்தமும் விழும். உப்புக் காற்றில் இலத்திரனியல் பலகை எத்தனை வருடம் நிற்கும்? அது போகிற நேரம் அந்த மொடலும் நின்றுபோயிருக்கும், அப்போது இதே கடிதத்தைத் திரும்ப எழுதவேண்டிவரும். ஸ்டார்-டெல்டா என்றால், அளவும் கொயில் வோல்டேஜும் சரியாக இருந்தால், எந்தக் கொம்பனிக் கொன்டாக்டரையும் எதற்குப் பதிலாகவும் பூட்டலாம். வயறிங்காரர் பிடிவாதமாக நின்றால், பழைய ஸ்டொக் டிரைவை மட்டும் வாங்கவிடாதீர்கள். வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்த டிரைவின் மின்தேக்கிகளை மெதுமெதுவாக வோல்டேஜ் ஏற்றிப் பழக்காமல் நேரே மெயினில் கொடுத்தால் வெடிக்கவும் கூடும்.

கழற்றும்போது இரண்டு இடத்தில் கவனம். பழைய கொன்டாக்டரின் பொறி தடுக்கும் மூடிகள் சாம்பல் வெள்ளையாக, அழுத்திய அட்டை போல இருந்தால் அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். சுரண்டவோ காற்றடித்துத் துப்புரவாக்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டி வையுங்கள். பவர் பெக்டர் கப்பாசிட்டர் மாமா போட்ட காலத்து எண்ணெய்க் கப்பாசிட்டர் என்றால் அதற்குள் பி.சி.பி. என்கிற நச்சு எண்ணெய் இருக்க இடமுண்டு. ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை அப்படிப்பட்டவற்றின் பாவனையை 2025க்குள் நிறுத்தச் சொன்னது. திறக்கவோ எரிக்கவோ பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கவோ வேண்டாம். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைசியாக உறவுகளின் அலுவல். ரொறன்ரோச் சித்தப்பா குறை நினைக்கவேண்டாம், அங்கிருந்து எதுவும் எடுப்பிக்காதீர்கள். கனடாவில் 60 ஹேர்ட்ஸ், கொயில்கள் பெரும்பாலும் 120 வோல்ட், தொழிற்சாலைகளில் 600 வோல்ட். 60 ஹேர்ட்ஸுக்குச் சுற்றிய கொயிலை அதே வோல்டேஜில் எங்கள் 50 ஹேர்ட்ஸில் கொடுத்தால் கூட இழுத்துச் சூடாகும். லண்டன் எங்களைப் போலத்தான், 50 ஹேர்ட்ஸ், 230, 400. மச்சான் கண்டது முழுக் கொன்டாக்டர் என்றால் விடச் சொல்லுங்கள். அதே மொடலுக்குத் தனிக் கொயிலும் முனைத் தொகுதியும் கிடைக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள், முதலாம் பனலுக்கு உதவும். நிறை குறைவு, ஊருக்கு வருகிற யாரும் பையில் கொண்டுவரலாம். அவர் வாங்குமுன் எரிந்த கொயிலில் அச்சடித்திருக்கும் வோல்டேஜையும் இலக்கத்தையும் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.